நவநீதத்தின் கனம்

கிட்ட வந்து உட்கார் மனசே. இன்னும் கொஞ்சம் கிட்ட. எண்ணெய் தெறித்தால் எனக்குத்தான் தெறிக்கும், உனக்கென்ன தோலா இருக்கிறது. சத்தம் போட்டுப் பேச முடியாது, கூடத்தில் எழிலரசி இருக்கிறாள், என் வீட்டுக்காரரின் பெண், அவளுக்குப் பாம்புக் காது. வெள்ளிக்கிழமை அவளுக்குக் கல்யாணம். அதற்காகத்தான் இன்றைக்குப் பூவாடைக்காரிக்குப் படைக்கிறோம். பூவாடைக்காரி என்றால் எங்கேயோ மலைமேல் குந்தியிருக்கிற சாமி இல்லை, புருஷன் இருக்கும்போதே பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்த வீட்டுப் பொம்பளை. எங்கள் வீட்டில் அது நவநீதம். என் வீட்டுக்காரருக்கு மூத்தாள், எழிலரசியைப் பெற்றவள், மஞ்சக்காமாலையில் போனவள். நான் சம்பூரணம், அவளுக்குப் பின்னால் வந்தவள். நல்ல காரியம் எதுவானாலும் முதலில் அவளைக் கூப்பிட்டு, புதுப்புடவை வைத்து, வடையும் பாயசமும் துள்ளுமாவும் படைத்து, அவள் சரியென்ற பிறகுதான் மற்றதெல்லாம். சரியென்றாள் என்று எப்படித் தெரியும்? குடம் கனக்க வேண்டும். கிணற்றில் தண்ணீர் மொண்டு, வேப்பிலை சொருகி, தலையில் வைத்துக்கொண்டு வந்து வாசப்படிக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். நாத்தனார் மூன்று தரம் கேட்பாள், கனக்குதா என்று. கனக்குது என்றால் அவள் வந்து உட்கார்ந்துவிட்டாள், குடத்தை உள்ளே கொண்டுபோகலாம். கனக்கலை என்றால் வரவில்லை, மனசில்லை. அப்புறம் அவள் பொருளை யாரும் தொடக்கூடாது, தண்ணீரை வாசலிலேயே கொட்டிவிட வேண்டும். குடத்தைச் சுமக்கிறது யார்? பின்னால் வந்தவள்தான் சுமக்க வேண்டும், அதுதான் இந்த வீட்டு வழக்கம். பெண் பெரியவளானபோது சுமந்தேன், கிணறு வெட்டினபோது சுமந்தேன், ஓட்டுக்கூரையை மாற்றித் தளம் போட்டபோது சுமந்தேன். ஒவ்வொரு தரமும் கனக்குது என்று சொன்னேன். நிறைகுடம் கனக்காமல் என்ன செய்யும், சொல். அவள் வந்தாளா வரவில்லையா என்பது அத்தனை வருஷமும் என் நாக்கு நுனியில்தான் இருந்தது. அது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கே இந்த மூன்று நாளாகத்தான் தோன்றுகிறது.

புடவையால் தோன்றியது. உள்ளே ட்ரங்குப் பெட்டியில் நவநீதத்தின் கூரைப்புடவை இருக்கிறது, அரக்கு, உடம்பெல்லாம் ருத்திராட்சப் பொட்டு. பெங்களூரிலிருந்து வந்து இறங்கின அன்றைக்கே எழிலரசி அதை எடுத்து முகத்தில் வைத்து மோந்து பார்த்துவிட்டு, "படையல்ல அம்மா வந்தாங்கன்னா முகூர்த்தத்துக்கு இதையே கட்டிக்கிறேன் சின்னம்மா" என்றாள். அம்மாவும் சின்னம்மாவும் ஒரே மூச்சில், ஒரே வாயில். மோந்தாளே, என்ன வாசனை வந்திருக்கும்? அந்துருண்டை வாசனை. அந்துருண்டை போட்டது நான். வருஷா வருஷம் வெயில் படாமல் நிழலில் உலர்த்தி, மடித்த இடத்திலேயே மடித்தால் பட்டு விட்டுவிடும் என்று மடிப்பை மாற்றி மாற்றி வைத்தது நான். நான் மறந்திருந்தால் அது இந்நேரம் தூள். மறந்திருக்கலாம். யார் கேட்டிருப்பார்கள்? பீரோவில் இன்னொன்று இருக்கிறது, ஆரணியில் நான் எடுத்தது, மயில்கழுத்து. தறிக்காரர் வீட்டிலேயே போய் உட்கார்ந்து, உடம்புக்குப் பச்சை தூக்கலாக இருக்கட்டும், இல்லை நீலம் தூக்கலாக இருக்கட்டும் என்று அவர் உயிரை எடுத்து நெய்யச் சொன்னது. பிரித்துக் காட்டினேன். "நல்லாருக்கு சின்னம்மா" என்றாள். தோளில் போட்டுப் பார்க்கவில்லை. மடியில் வைத்து ஓரம் பிசகாமல் திருப்பி மடித்து என் கையிலேயே கொடுத்தாள். அந்த மடிப்பு இருக்கிறதே, அதுதான் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நல்லாருக்கு. நல்லாருக்கு என்றால் கட்டிக்கிறேன் என்று அர்த்தமா? ஊரார் வீட்டுக் கோலத்தைக்கூடத்தான் நல்லாருக்கு என்கிறோம். மணையில் அந்தப் பெண் அரக்கு கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பார்க்கிறவள் ஒவ்வொருத்தியும் நவநீதமே வந்து குந்திட்டா என்பாள். நான் பக்கத்தில் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், சமையலுக்கு வந்தவள் மாதிரி. மயில்கழுத்து கட்டினால்? அது யார் எடுத்தது என்று ஒருத்தியாவது கேட்பாள். ஒருத்தி கேட்டால் போதும் எனக்கு. அதனால் இன்றைக்கு நான் கனக்கலை என்று சொல்லப் போகிறேன். மூன்று தரமும்.

"இன்னாடி சம்பூரணம், வடை சுடறியா, ரோசனை பண்றியா? கருகல் நாத்தம் தெருவுக்கு வருது." என் நாத்தனார் பட்டம்மாள், பின்கட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். "கருகினது எனக்கு, செவந்தது பூவாடைக்காரிக்கு, போதுமா?" என்றேன். சிரித்தாள். நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டாள். அதற்குள் எழிலரசி காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்பங்கரைக்கே வந்துவிட்டாள். கல்யாணம் முடிந்து மறுவாரம் மலைமேல் தொலைநோக்கிக் கூடத்தில் ஊர் சனங்களுக்குத் தமிழில் பேச வேண்டுமாம். அவள் அப்பா அங்கேதான் மெக்கானிக்காக இருந்து, சுற்றுகிற கூரைக்கு மசகு போட்டே முதுகு வளைந்தார். அவள் படித்ததெல்லாம் வானத்து விஷயம். அதை என்னிடம் சொல்லிப் பழகுகிறாள். "உனக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும் சின்னம்மா" என்கிறாள். அதில் குத்து இல்லை, எனக்குத் தெரியும், ஆனாலும் குத்துகிறது. பாயசச் சட்டியில் கரண்டியை விட்டு ஒரு சுற்று சுற்றினாள். முந்திரிப்பருப்பெல்லாம் சுழன்றது. "பாரு, நடுவுல இருக்கிறது வேகமா சுத்துது, ஓரத்துல இருக்கிறது மெதுவா அசையுது. சூரியனைச் சுத்துற கிரகமும் அப்படித்தான், கிட்ட இருக்கிறது வேகம், தூரத்துல இருக்கிறது மெதுவு. ஏன்னா கனமெல்லாம் நடுவுல சூரியன்கிட்ட இருக்குது, தூரம் போகப் போக இழுப்பு கம்மி." சரி என்றேன். "கோடி கோடி நட்சத்திரம் சேந்து இதே மாதிரி சுழலுது, அதுக்கு விண்மீன் மண்டலம்னு பேரு. அதுலயும் ஓரத்து நட்சத்திரம் மெதுவாத்தான் போகணும், ஏன்னா வெளிச்சமெல்லாம் நடுவுலதான் மண்டிக் கிடக்குது. ஆனா அளந்து பாத்தா ஓரமும் அதே வேகத்துல பறக்குது சின்னம்மா. அந்த வேகத்துக்குப் பிச்சுக்கிட்டு வெளியே ஓடியிருக்கணும். ஓடல. அப்படின்னா என்ன அர்த்தம்?" யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றேன். நான் சொன்னது எனக்கே எங்கேயோ போய் இடித்தது. "அதேதான்! கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு, மண்டலம் முழுக்கவும், அதைத் தாண்டி ரொம்ப தூரத்துக்கும் பரவி நிக்குது. கரும்பொருள். நாம பாக்கிற எல்லாத்தையும் சேத்தாக்கூட அதுல அஞ்சுல ஒரு பங்கு தேறும். அது வெளிச்சம் போடாது, வெளிச்சத்தை மறிக்காது, தொட்டாத் தட்டுப்படாது. உன்னையும் என்னையும் ஊடுருவிப் போய்க்கினே கீது. கனம் மட்டும்தான் உண்டு."

கனம் மட்டும்தான் உண்டு. வடையைத் திருப்பிப் போட்டேன். கண்ணுக்குத் தெரியாது, தொட்டால் தட்டுப்படாது, கனம் மட்டும் உண்டு. மனசே, இதைப் படிக்க இவள் பெங்களூருக்கா போக வேண்டும்? இந்த வீட்டிலேயே இருந்திருக்கலாமே. நவநீதத்தின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஒரே ஒரு படம், மாலை மாற்றும்போது எடுத்தது, அதிலும் குனிந்த தலையும் நெற்றிச்சுட்டியும்தான் தெரியும், முகம் முழுக்கப் பூ. அத்தனை வருஷம் அந்தப் பூவுக்குள் மூக்கைத் தேடியிருக்கிறேன், நீளமா சப்பையா என்று. யாரையும் கேட்க வாய் வராது. கேட்டால் நன்றாக இருந்தாள் என்பார்கள். தெரியாது, ஆனால் இருக்கிறாள். எப்படித் தெரியும்? இவர்கள் நடக்கிறதை வைத்துத்தான். கூடத்தில் வடக்கு மூலையில் அவள் கட்டில் கிடந்ததாம், படுக்கையில் கிடந்த மாசங்களில். நான் வருவதற்கு முன்னாலேயே கட்டிலை எடுத்துவிட்டார்கள், அந்த இடம் மொட்டையாகக் கிடக்கிறது, ஒரு முறம்கூட இல்லை. அவர் வெளியிலிருந்து வந்தால் நேராக உள்ளே வரமாட்டார். அந்த மூலையை ஒதுங்கி ஒரு வளைவு வளைந்துதான் வருவார். இல்லாத கட்டில் காலில் இடித்துவிடும் போல. வந்த புதிதில் இதென்ன நடை என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் அந்தப் பெண்ணும், இடுப்பை விட்டு இறங்கி நடக்கப் பழகினபோதே, அதே வளைவு. சாப்பிட உட்கார்ந்தால் அவர் முதல் கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு அரை நிமிஷம் நிற்பார், யாரோ வந்து உட்காரட்டும் என்று. நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் வம்புக்கென்றே அந்த மூலையில் நெல்மூட்டையைச் சாத்தி வைத்தேன். சாயங்காலம் மூட்டை வேறு இடத்தில் இருந்தது. எல்லாவற்றையும்விடக் கேவலம் என்ன தெரியுமா? போன மாசம் கையில் சொம்போடு கூடத்தைக் கடந்தேன், சொம்பில் தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்தது, என்னடா என்று பார்த்தால் நானும் வளைந்துதான் போகிறேன். என்னையும் சுற்ற வைத்துவிட்டாள். கனவிலாவது வருவாளா என்றால் அதுவும் இல்லை. அவருக்கு வருகிறாள், பட்டம்மாளுக்கு வந்து மோர் கேட்கிறாள், பால் ஊற்றுகிற பொம்பளைக்குக்கூட ஒரு தரம் வந்தாளாம். எனக்கு மட்டும் வரமாட்டாள். வந்தால் ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். என்ன கேட்பேன்? சும்மா முகத்தைப் பார்த்திருப்பேன்.

"அப்படி ஒண்ணுமே இல்லைன்னு சொல்றவங்களும் இருக்காங்க சின்னம்மா" என்றது காதில் விழுந்தது. கரண்டி கையிலேயே நின்றது. "யாரு அவங்க?" என்றேன். நான் கேட்ட வேகத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஏன், நீ அவங்க கட்சியா? அவங்களும் படிச்சவங்கதான். கரும்பொருள்னு தனியா எதுவும் இல்ல, தூரத்துல கனத்தோட கணக்கே வேற மாதிரி, அதை மாத்திப் போட்டா எல்லாம் சரியா வந்துடும்னு சொல்றாங்க." நான் அந்தக் கட்சிதான். அந்தக் கட்சியில் எனக்கு ஒரு மணை போட்டால் போய் உட்கார்ந்துவிடுவேன். கணக்கை மாற்றிப் போட்டால் போயிற்று. அவர் வளைகிறது முட்டிவலியால், கவளத்தை வைத்துக்கொண்டு நிற்பது சூட்டால். "ஆனா அவங்களுக்கு ஒரு இடத்துல மாட்டிக்கிச்சு. ரெண்டு பெரிய மண்டலக் கூட்டம் ஒண்ணோட ஒண்ணு மோதியிருக்குது. அதுல இருந்த வாயு மோதி நடுவுல தங்கிடுச்சு. கனம் மட்டும் மோதாம ஊடுருவி அந்தாண்ட போயிட்டுது. பின்னால இருந்து வர்ற வெளிச்சம் எங்க வளையுதோ அங்கதான் கனம் இருக்கும், அதை வெச்சு வரைஞ்சு பாத்தாங்க. தெரியற பொருள்ல பெரும்பங்கு ஒரு இடம், கனம் வேற இடம்." என் கட்சி இவ்வளவுதான் நின்றது, வடை ஒரு ஈடு வேகிற நேரம். இருந்தாலும் விடாமல் கேட்டேன், அப்போ அதை யாராவது பிடித்தார்களா என்று. இல்லையாம். பூமிக்கடியில் சுரங்கத்தில் தொட்டி கட்டி, ஒரு துணுக்காவது வந்து இடிக்காதா என்று காத்துக்கொண்டிருக்கிறார்களாம். ஒன்றும் இடிக்கவில்லை. அதைக் கேட்டதும் அந்தச் சுரங்கத்து ஆட்கள்மேல் எனக்கு என்னமோ ஒரு ஒட்டுதல் வந்துவிட்டது. இருட்டில் குந்திக்கொண்டு, வருவாளா வருவாளா என்று.

மேலே இருக்கிற மிளகாய் டப்பாவை எடுக்க எம்பினேன். எழிலரசி உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து, கையை நீட்டி, சும்மா எடுத்துக் கொடுத்தாள். அவள் உயரம். அவளைப் பெற்றவள் உயரம். இந்த அடுப்பு மேடையே அந்த உயரத்துக்குக் கட்டினது, நான் ஒரு மணைப்பலகையைக் கீழே போட்டு அதன்மேல் ஏறி நின்றுதான் இத்தனை வருஷமும் சமைக்கிறேன். தளம் போட்டபோது மேடையை இடித்துக் கொஞ்சம் தாழ்த்தச் சொன்னேன். அவர் கொத்தனாரிடம் போய் நின்றார், என்னமோ பேசினார், திரும்பி வந்து "அது நல்லாத்தானே கீது" என்றார். நல்லாத்தான் கீது. யாருக்கு? எழிலரசி காகிதத்தைப் பார்க்காமல் சொல்லிக்கொண்டே போகிறாள், "ஆதியில எல்லாம் ஏறக்குறைய சமமா பரவிக் கிடந்துச்சு. கொஞ்சம் ஏற்ற இறக்கம். நம்ம கண்ணுக்குத் தெரியற பொருளை வெளிச்சத்தோட சூடு ஒண்ணு சேர விடாம தள்ளிக்கினே இருந்துச்சு. கரும்பொருளுக்கு வெளிச்சத்தோட பேச்சே கிடையாது பாரு, அதனால அது முதல்ல அங்கங்க கூடிப் பள்ளம் பறிச்ச மாதிரி வெச்சிடுச்சு. அப்புறமாத்தான் நம்ம சரக்கு போய் அந்தப் பள்ளத்துல விழுந்து நட்சத்திரமா ஆச்சு. அந்தப் பள்ளம் முன்னாடியே இல்லேன்னா இத்தனை மண்டலம் இதுக்குள்ள உருவாகியே இருக்காது." கேட்டாயா மனசே. அவள் முன்னாலேயே பறித்து வைத்துவிட்டுப் போன பள்ளத்தில்தான் நான் வந்து விழுந்தேன். மேடை அவள் உயரம், உப்பு அவள் கை அளவு, இந்தப் பெண்ணுக்குத் தாலாட்டினால் அவள் பாடின மெட்டுக்குத்தான் தூங்கும், பட்டம்மாள் எனக்கு அந்த மெட்டைச் சொல்லிக் கொடுத்தாள். என் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. தங்கியிருந்தால் நான் ஒரு பள்ளம் பறித்திருப்பேன். அவள் இல்லையென்றால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன் என்பதும் வாஸ்தவம்தான். அந்த வாஸ்தவம்தான் எனக்கு ஆகவே ஆகாது.

"ஏன் அது நடுவுல வந்து ஒரே இடத்துல குந்தாது?" என்று கேட்டேன். கேட்க வேண்டுமென்று கேட்கவில்லை, வந்துவிட்டது. எழிலரசி புருவத்தைத் தூக்கினாள். "நல்ல கேள்வி சின்னம்மா. வாயு ஒண்ணோட ஒண்ணு மோதும், மோதிச் சூட்டை வெளிய விடும், விட்டா ஆறும், ஆறினா உள்ளே இறங்கி நடுவுல சேந்துக்கும். கரும்பொருளுக்கு ஆறத் தெரியாது. அதனால சுத்திச் சுத்தியே நிக்கும்." ஆறத் தெரியாது. இங்கேதான் எனக்குப் பிசகுகிறது. இவ்வளவு நேரம் அவள்தான் அது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆறத் தெரியாதது யார்? அவள் ஆறித்தான் போய்விட்டாள், எரித்து, சாம்பலைக் கரைத்து. ஆறாமல் இந்த வீட்டை ஓரமாகச் சுற்றிக்கொண்டு நடுவில் வந்து உட்காரத் தெரியாமல் நிற்கிறது... வேண்டாம், அதை விடு. விடுகிறேன். ஆறத் தெரியாது, ஆறத் தெரியாது, வடையை எடுத்துத் தட்டில் போடு, இது ஆறிவிடும். "சனங்களுக்கு இன்னும் சுலபமா ஒண்ணு சொல்லலாம்னு இருக்கேன்" என்றாள், "தலையில மூடின கூடையோட ஒரு பொம்பள போறா. உள்ளே இன்னா இருக்குதுன்னு தெரியாது. ஆனா அவ கால் வெக்கிறதைப் பாத்தா கூடை கனமா லேசான்னு தெரியுமில்ல? நாங்க பண்றது அவ்வளவுதான். பொருளைப் பாக்கல, நடையப் பாக்கறோம்." நல்லாருக்கு என்றேன். அவள் சொன்ன அதே நல்லாருக்கு. நடையைப் பார்ப்பாளாம். இன்னும் கொஞ்ச நேரத்தில் நான் தலையில் குடத்தோடு அவள் எதிரே நடந்து வர வேண்டும். பட்டம்மாள் வாயைப் பார்ப்பாள், அவர் குடத்தைப் பார்ப்பார், இந்தப் பெண் ஒருத்தி காலைப் பார்ப்பாள். தெரிந்துதான் சொன்னாளா? கண்ணைப் பார்த்தேன், காகிதத்தில் என்னமோ அடித்துத் திருத்திக்கொண்டிருந்தாள். தெரிந்திருக்காது. எப்படித் தெரியும்? ஆனால் என் காலுக்குத் தெரியுமே. அப்புறம் நீதான் சொன்னாய் மனசே, பாதிக் குடம் மொண்டால் போதும் என்று. பாதி மொண்டால் பொய்யே இல்லை. லேசாகத்தான் இருக்கும், லேசு என்று சொல்வேன். காலும் சாட்சி சொல்லும்.

"உச்சி சாயறதுக்குள்ள கொண்டு வா சம்பூர்ணம்" என்றார் அவர், குளித்து ஈரத்துண்டோடு, கற்பூரத் தட்டை எடுத்துக்கொண்டு. என் பெயரைச் சொல்லும்போது நடுவில் ஒரு எழுத்தை விழுங்கிவிடுவார். நவநீதம் என்று சொல்லும்போது ஒன்றும் விழுங்கமாட்டார். இதையும் கணக்கு வைத்திருக்கிறேன் பார். ஈரப்புடவையோடு கிணற்றடிக்கு வந்தேன். தனியாகத்தான் வர வேண்டும், பின்னால் யாரும் வரக்கூடாது. கயிற்றை விட்டேன். வாளி தண்ணீரைத் தொடுகிற சத்தம், குழந்தை சப்புக்கொட்டுகிற மாதிரி. இழுத்து ஊற்றினேன், ஒன்று. பாதி. போதும். குடத்துக்குள் எட்டிப் பார்த்தேன், இருட்டு, அடியில் மினுக்கென்று ஒரு வெளிச்சம். போதும் என்று சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே இருக்கும்போது அவள் நினைப்பு வந்தது, காமாலைக்காரிக்குத் தாகம் அடங்காதாம், கடைசி ராத்திரியெல்லாம் தண்ணி தண்ணி என்றாளாம், கொடுக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தாராம். பட்டம்மாள் எப்போதோ சொன்னது. இப்போது எதற்கு அது? எனக்கென்ன அவள் தாகம். மயில்கழுத்து, மயில்கழுத்து என்று நினைத்துக்கொண்டேன். ஆரணித் தறியில் நாடா ஓடுகிற சத்தத்தை நினைத்தேன். கை தன்பாட்டுக்கு வேலை செய்திருக்கிறது. குனிந்து பார்த்தால் குடம் கழுத்து வரை நிறைந்து, வேப்பிலை மிதந்துகொண்டிருக்கிறது. எப்போது ஊற்றினேன்? கொட்டலாம் என்று சாய்த்தேன். படையல் குடத்துத் தண்ணீரைக் கிணற்றடியில் கொட்டினால் வீட்டுப் பெண்ணுக்கு ஆகாது என்பார்கள். வீட்டுப் பெண் என்றால் எழிலரசி. வெள்ளிக்கிழமை கல்யாணம். நிமிர்த்திவிட்டேன். சும்மாடு கூட்டி, தூக்கித் தலையில் வைத்தேன். கழுத்து உள்ளே இறங்கியது. சரி. அப்படியே இருக்கட்டும், வாய்தானே சொல்லப்போகிறது. காலை மட்டும் எட்டி எட்டி வை, லேசாக வை, சந்தைக்குப் போகிறவள் மாதிரி வை. வைத்துப் பார்த்தேன். இரண்டு அடிக்குமேல் முடியவில்லை. கால் தானாகக் குறுகிக் குறுகி விழுகிறது. களத்துமேடு தாண்டும்போது வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை கிடையாது.

வாசலில் மூன்று பேரும் நின்றார்கள். அவர் கற்பூரம் ஏற்றினார். பட்டம்மாள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, சாமி கேட்கிற குரலில், "கனக்குதா?" என்றாள். "கனக்கலை" என்றேன். என் குரல் எனக்கே பக்கத்து வீட்டுக் குரல் மாதிரி கேட்டது. அவர் முகம் போன போக்கை என்னால் சொல்ல முடியாது. கோபம் இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டவன் ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்பானே, அப்படி. "நெஜமாச் சொல்லுடி, தெய்வக் காரியம்" என்றாள் பட்டம்மாள், "கனக்குதா?" "கனக்கலை அண்ணி." குதிகால் கிடுகிடுவென்று ஆடியது. எழிலரசி என் முகத்தைப் பார்க்கவில்லை, குடத்தையும் பார்க்கவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரிந்துவிட்டது. முடிந்தது மனசே, எல்லாம் முடிந்தது. இப்போது சொல்வாள், கனக்குது அத்தை, சின்னம்மா பொய் சொல்றாங்க என்பாள். இத்தனை வருஷம் சோறு போட்டதெல்லாம் போயிற்று. அவள் படியிறங்கினாள். "இரு அத்தை, மூணாவதை நான் பாக்கறேன்." பட்டம்மாள் பதறினாள், "நீ தொடக்கூடாதுடி. பின்னால வந்தவதான் சொமக்கணும்." "நானும் அம்மாவுக்குப் பின்னால வந்தவதானே" என்றாள் அவள். எனக்காக முட்டியை மடித்துக் குனிந்து, என் தலையிலிருந்து குடத்தை எடுத்தாள். கழுத்து எலும்பு ஒவ்வொன்றாக நிமிர்ந்ததை உணர்ந்தேன். அவள் தலையில் வைத்துக்கொண்டாள். இறங்கினது பார் அவள் கழுத்து. தொண்டையில் ஒரு நரம்பு புடைத்தது, அது எனக்கு மட்டும் தெரிந்தது, ஏனென்றால் நான்தான் கிட்டே நின்றேன். "கனக்குதா?" என்றாள் பட்டம்மாள், அழுகிற மாதிரி. என்னைப் பார்த்தபடியே எழிலரசி சொன்னாள், "இல்ல அத்தை. கனக்கவே இல்ல. சின்னம்மா சரியாத்தான் சொன்னாங்க. கூரைப்புடவை பெட்டியிலயே இருக்கட்டும், வெள்ளிக்கிழமை ஆரணிப் பட்டு கட்டிக்கிறேன்."

கிடைத்துவிட்டது. கேட்டது கிடைத்துவிட்டது மனசே, எங்கே, குதியேன் பார்க்கலாம். குதிக்கவில்லை. பட்டம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டு, "அப்படியே அவ ஆத்தா. கேட்டாக் குடுத்துடுவா, முகம் கோணாது" என்றாள். கேட்டாயா, ஜெயித்தது நான், பேர் அவளுக்கு. பொய் சொன்னது இந்தப் பெண், எனக்காகச் சொன்னது, அதிலும் அவள்தான் முன்னால் வந்து நிற்கிறாள், முகம் தெரியாதவள், கேட்டால் கொடுத்துவிடுகிறவள். "சரி, வராதவளுக்கு உள்ளே என்னா வேல. வாசல்லயே கொட்டிடு தாயி" என்றாள் பட்டம்மாள். அவர் கற்பூரத் தட்டோடு ஒதுங்கி வழி விட்டார். கொட்டுகிறதானாலும் கொண்டு வந்தவள் கொட்டட்டும், அது என் வேலை, எத்தனை தரம் சுமந்த குடம், இங்கே கொடு என்று இரண்டு கையையும் நீட்டினேன். எழிலரசி அந்தக் கையைப் பார்த்தாள், சிரித்தாள்கூட. ஆனால் குடத்தைத் தரவில்லை, கொட்டவும் இல்லை. கனக்கவே இல்லை என்று சொன்ன குடத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, குறுகின அடியாக எடுத்து வைத்து, நிலையில் வேப்பிலை உரசாமல் குனிந்து, ஒரு சொட்டும் சிந்தாமல் உள்ளே கொண்டுபோனாள்.